வண்டி ஓட்டும்போது போன்: மூளைக்கு ஒரே ஒரு ப்ராசசர்தான்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களை முதலில் அசத்துவது எது தெரியுமா? ஒரு பக்கம் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் ஒரு பைல் டவுன்லோட் ஆகும். நாம் வேர்டில் கடிதம் டைப் செய்துகொண்டிருப்போம். எதுவும் எதற்காகவும் நிற்பதில்லை. ஒரே சமயத்தில் பல புரோகிராம்களை இயக்கும் இந்த வசதியை மல்டி டாஸ்கிங் என்பார்கள்.

இதைப் பார்த்துப் பழகிய நமக்கு, நாமும் இப்படித்தான் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. ஒரு கையில் ஹேண்டில்பார், மறு கையில் செல்போன்! இது எவ்வளவு தூரம் சாத்தியம்? நம் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரை வைத்தே புரிந்துகொள்வோம்.

அவசரமில்லாத ஓர் அழைப்பு

முதலில் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் விருதுநகர் மாவட்டம் வீரசோழன். அங்கிருந்து நரிக்குடி செல்லும் வழியில் இரு பக்கமும் சீமைக் கருவேலம் அடர்ந்திருக்கும். வளைவில் எதிரே வருவது தெரியாது. ஆடுகள் எந்த இடத்தில் சாலைக்குள் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்பா தன் மொபெட்டில் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தார். சென்னையில் மதிய உணவு இடைவேளையில் இருந்த நான் அவருக்குப் போன் செய்தேன். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிய பிரிண்டர் கேபிள் வந்து சேர்ந்ததா என்று கேட்க. அவ்வளவுதான் விஷயம். அவர் வண்டியை நிறுத்தாமல் ஒரு கையால் போனை எடுத்தார். "சொல்லுய்யா" என்றார். அடுத்து எனக்குக் கேட்டது வண்டி விழுந்த சத்தம். குறுக்கே வந்த ஆட்டைக் கடைசி நேரத்தில்தான் பார்த்திருக்கிறார். காரை எலும்பு முறிந்தது. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் ஆறுதல்.

ஊருக்குப் போய், "ஓட்டும்போது ஏன்ப்பா எடுத்தீங்க?" என்று கேட்டேன். "நீ கூப்புட்டு எடுக்காம எப்படிய்யா இருக்கது?" என்றார். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் இந்த விஷயத்தைப் பற்றி நான் உட்கார்ந்து படித்தேன்.

கம்ப்யூட்டர் எப்படிச் சமாளிக்கிறது?

உங்கள் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பாமன்ஸ் பகுதியில் சி.பி.யு. என்பதைக் கிளிக் செய்தால், உங்கள் ப்ராசசரில் எத்தனை கோர்கள் உள்ளன என்று காட்டும். இன்று வீட்டுக்கு வரும் கம்ப்யூட்டர்களில் நான்கு, ஆறு, எட்டு கோர்கள் சாதாரணம். ஒவ்வொரு கோரும் ஒரு தனி வேலையாள் மாதிரி.

ஒரே ஒரு கோர் கொண்ட பழைய பென்டியம் கம்ப்யூட்டர்களிலும் மல்டி டாஸ்கிங் இருந்ததே, அது எப்படி? அங்கே உண்மையில் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் நடந்தது. ப்ராசசர் ஒரு புரோகிராமைச் சில மில்லி விநாடிகள் இயக்கும். பிறகு அதை எந்த இடத்தில் விட்டோம் என்று குறித்து வைத்துவிட்டு அடுத்த புரோகிராமை எடுக்கும். பின்னர் மீண்டும் பழையதற்கு வரும். இப்படி மாறுவதற்குக் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் என்று பெயர். விநாடிக்குப் பலமுறை மாறுவதால் எல்லாம் ஒன்றாக நடப்பதுபோல் நமக்குத் தெரிகிறது. ஒவ்வொரு முறை மாறும்போதும் கொஞ்சம் நேரம் வீணாகும். கம்ப்யூட்டருக்கு அது மிகமிகச் சிறிய நேரம்.

மூளைக்கு எத்தனை கோர்?

மூச்சு விடுவது, இதயம் துடிப்பது போன்றவை தாமாக நடக்கின்றன. ஆனால் கவனம் தேவைப்படும் வேலை என்று வந்தால் நம் மூளை அந்தப் பழைய ஒற்றைக் கோர் ப்ராசசர் போலத்தான். மாறி மாறித்தான் செய்யும். அதன் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் மிகவும் மெதுவானது.

நம்ப முடியவில்லையா? ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை வேகமாகச் சொல்லுங்கள். எத்தனை விநாடி ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து அ முதல் ஔ வரை பன்னிரண்டு உயிரெழுத்துகளைச் சொல்லுங்கள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது இரண்டையும் கலந்து, "ஒன்று அ, இரண்டு ஆ, மூன்று இ..." என்று போங்கள். முதல் இரண்டு நேரங்களையும் கூட்டினால் வருவதைவிட இது அதிகமாக இருக்கும். நடுவில் எங்காவது தடுமாறியும் இருப்பீர்கள். ஒன்றாம் வகுப்பில் படித்ததற்கே இந்த நிலை என்றால், வளைவில் வரும் லாரிக்கும் போனில் வரும் கேள்விக்கும் நடுவே என்ன ஆகும்?

கையில் இல்லை, கவனத்தில்தான் பிரச்சினை

"நான் போனைக் கையில் பிடிப்பதில்லை. புளூடூத்தில்தான் பேசுகிறேன்" என்று பலர் சொல்வார்கள். சிலர் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொள்கிறார்கள். இது பாதுகாப்பானதா?

1997ல் கனடாவின் டொரான்டோ நகரில் ரெடெல்மயர், டிப்ஷிரானி என்ற இருவர், விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் போன் பில்களை ஆராய்ந்தார்கள். போனில் பேசும் நேரத்தில் விபத்து ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்று தெரிந்தது. கையில் பிடிக்காமல் பேசும் போன்களால் கூடுதல் பாதுகாப்பு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

2001ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். போனில் பேசியவர்கள் தவறவிட்ட சிக்னல்கள் இரண்டு மடங்காயின. கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் ஒன்றேதான். பிறகு நடந்த சோதனைகளில் இன்னொன்றும் தெரிந்தது. பேசிக்கொண்டே ஓட்டியவர்களின் கண்கள் ஒரு பொருளின் மேல் படிந்திருந்தாலும், அதைப் பார்த்த நினைவு அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. கேமரா படம் பிடிக்கிறது. ஆனால் ஹார்ட் டிஸ்க்கில் பதிவாகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்!

அப்படியானால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசினால்? அவர் சாலையைப் பார்க்கிறார். ஆடு வந்தால் பேச்சை நிறுத்துவார். "பார்த்துப் போ" என்பார். சென்னையிலிருந்து போனில் பேசும் மகனுக்கு ஆடு தெரியாது.

இயர்போனில் இன்னொரு ஆபத்து, வெளிச் சத்தம் காதில் விழாது. 26.4.2018 அன்று உத்தரப் பிரதேசம் குஷிநகர் மாவட்டத்தில், ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 குழந்தைகள் இறந்தனர். ஓட்டுநர் காதில் இயர்போன் மாட்டியிருந்ததாக முதல்கட்டத் தகவலில் தெரிகிறது என்று அம்மாநில முதல்வர் அன்றே கூறினார்.

நாலரை விநாடியில் எவ்வளவு தூரம்?

பேசுவதே இப்படி என்றால் மெசேஜ் டைப் செய்வது? அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் நிறுவனம் லாரிகளில் கேமரா பொருத்தி எடுத்த ஆய்வு முடிவை 2009ல் வெளியிட்டது. மெசேஜ் டைப் செய்தவர்களின் பார்வை, ஆபத்து நேர்ந்த ஆறு விநாடி நேரத்தில் 4.6 விநாடி சாலையில் இல்லை.

இதை நம் ஊர் வேகத்துக்குக் கணக்குப் போடுவோம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி விநாடிக்கு சுமார் 11 மீட்டர் ஓடும். 4.6 விநாடியில் 51 மீட்டர். வேகம் 60 என்றால் 77 மீட்டர். அருப்புக்கோட்டை வழியாகப் போகும் மதுரை - தூத்துக்குடி நான்கு வழிச்சாலையில் 80ல் போனால் 102 மீட்டர்! அவ்வளவு தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டச் சொன்னால் ஓட்டுவீர்களா?

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ல் நாட்டில் செல்போன் காரணமாக நடந்ததாகப் பதிவான விபத்துகள் 7,558. இறந்தவர்கள் 3,395 பேர். அதே ஆண்டு எல்லா வகை விபத்துகளையும் சேர்த்துப் பார்த்தால் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான், 64,105 விபத்துகள். செல்போன் காரணம் என்று தெரியாமலே போன விபத்துகள் இந்தக் கணக்கில் வராது. அப்பா விழுந்ததும் எந்தக் கணக்கிலும் இல்லை.

2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184வது பிரிவு, ஓட்டும்போது கையில் போனைப் பயன்படுத்துவதை ஆபத்தான முறையில் ஓட்டும் குற்றமாகவே சொல்கிறது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதங்கள் மாற்றப்பட்டபோது, இதற்கு முதல் முறை 1,000 ரூபாய், மறுமுறை 10,000 ரூபாய் என்று ஆனது. லைசென்சையும் சில மாதங்களுக்கு நிறுத்தி வைக்கலாம். வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில் போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் முதல் விதி உள்ளது.

மதுரையில் 2024 மே மாதம் நடந்ததைப் பலரும் படித்திருப்பீர்கள். செல்போனில் பேசியபடி கார் ஓட்டிய வீடியோவை யூடியூபர் டி.டி.எஃப். வாசன் வெளியிட்டிருந்தார். அதை வைத்தே போலீசார் வழக்குப் பதிவு செய்து அவரைக் கைது செய்தனர். பிறகு அவர் ஜாமீனில் வந்தார். கேமரா முன்னால் ஓட்டினால் போலீஸ் பார்க்கும். கருவேலங்காட்டுச் சாலையில் பார்ப்பதற்கு யாரும் இல்லை. அங்கே நம் போன்தான் நமக்குக் காவல்.

ப்ராசசரிடம் கற்க வேண்டிய பாடம்

நீங்கள் ஒரு கீயை அழுத்தினாலோ மவுஸை நகர்த்தினாலோ, ப்ராசசருக்கு "இங்கே பார்" என்று ஒரு சிக்னல் போகும். இதை இன்டரப்ட் என்பார்கள். ப்ராசசர் செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு அதைக் கவனிக்கும். ஆனால் இடையில் விடவே கூடாத வேலை ஒன்று நடக்கும்போது, இன்டரப்டைச் சற்று நேரம் தடுத்து வைக்கும் வசதியும் ப்ராசசருக்கு உண்டு. வந்த சிக்னல் தொலைந்துவிடாது, காத்திருக்கும். போன் மணி ஒரு இன்டரப்ட். வண்டி ஓட்டுவது இடையில் விடக்கூடாத வேலை. ஆகவே நம் போனுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்போம்.

ஐபோன்: செட்டிங்ஸ், போகஸ், டிரைவிங் என்று செல்லுங்கள். இந்த வசதி முதலில் வந்தது 2017ல். காரின் புளூடூத்துடன் இணைந்ததுமோ, வண்டியின் ஓட்டத்தை உணர்ந்து தானாகவோ இயங்கும்படி அமைக்கலாம். மெசேஜ் அனுப்புபவருக்கு, நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பதிலும் தானே போகும். அந்தப் பதிலைத் தமிழில் எழுதி வையுங்கள்.

ஆண்ட்ராய்டு: கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். செட்டிங்ஸ் மேலே உள்ள தேடல் பெட்டியில் டிரைவிங் என்றோ டூ நாட் டிஸ்டர்ப் என்றோ தேடுங்கள். டிரைவிங் மோட் இல்லாவிட்டால், கிளம்பும் முன் டூ நாட் டிஸ்டர்ப் பட்டனைத் தட்டினால் போதும். அதில், ஒருவரே மீண்டும் கூப்பிட்டால் மணி அடிக்கும் வசதி ஒன்று இருக்கும். அதை நிறுத்திவிடுங்கள். நம் வீட்டார் எடுக்கும்வரை விடமாட்டார்களே!

பட்டன் போன்: சைலன்டில் போட்டு, சட்டைப் பையில் அல்லாமல் வண்டியின் பையில் வையுங்கள். வைப்ரேஷனும் வேண்டாம்.

கூகுள் மேப்ஸ்: போகும் இடத்தைக் கிளம்பும் முன்பே கொடுத்துவிடுங்கள். குரல் வழிகாட்டலைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். சிக்னல் கிடைக்காத பகுதிக்குச் செல்வதாக இருந்தால் மேப்பை வீட்டிலேயே டவுன்லோட் செய்துகொள்ளவும். வழி மாற்ற வேண்டுமென்றால் வண்டியை ஓரம் கட்டிய பிறகே.

2016ல் சாம்சங் நிறுவனம் இந்தியாவில் கேலக்ஸி ஜே3 போனுடன் எஸ் பைக் மோட் என்ற ஒன்றை அறிமுகம் செய்தது. கூப்பிடுபவருக்கு, "இவர் பைக் ஓட்டுகிறார், அவசரமானால் ஒன்றை அழுத்தவும்" என்று அறிவிப்பு கேட்கும். ஒன்றை அழுத்தினாலும், பைக்கை நிறுத்தினால்தான் போனை எடுக்க முடியும். நம் சாலைகளைப் புரிந்துகொண்டு செய்த யோசனை!

கூப்பிடுபவருக்கும் பொறுப்பு உண்டு

செட்டிங்ஸ் எல்லாம் பாதி வேலைதான். மீதிப் பாதி கூப்பிடுபவர் கையில் இருக்கிறது. போன் எடுத்தவுடன் முதலில் "ஓட்டிக்கிட்டு இருக்கீங்களா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றாலோ, ஹாரன் சத்தமோ காற்றின் இரைச்சலோ கேட்டாலோ, உடனே வைத்துவிடுங்கள். "அப்புறம் பேசுறேன்" என்று விளக்கிக்கொண்டிருக்கவும் வேண்டாம். பெரியவர்கள் வழக்கமாக வண்டியில் போகும் நேரம் வீட்டாருக்குத் தெரியும். அந்த நேரத்தில் கூப்பிடாதீர்கள்.

அப்பாவின் தோள் இப்போது சரியாகிவிட்டது. அவருடைய போனில் டிரைவிங் மோட் போட்டுக் கொடுத்தேன். ஆனால் அவர் மனதில் இருந்த செட்டிங்கை மாற்றத்தான் நாளானது. நான் கூப்பிட்டு அவர் எடுக்காவிட்டால் எனக்கு வருத்தமில்லை. அவர் பத்திரமாகப் போய்க்கொண்டிருக்கிறார் என்றுதான் அர்த்தம் என்று பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

இந்த இதழை மூடி வைத்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் வண்டி ஓட்டுபவர் யாரோ, அவருடைய போனை வாங்கி மேலே சொன்னதைச் செய்து கொடுங்கள். கூடவே, "ஓட்டும்போது நான் கூப்பிட்டால் எடுக்க வேண்டாம்" என்று நேரிலும் சொல்லிவிடுங்கள்.