தாதிமை இல்லத்தில் மின்னிலக்கக் கருவிகள்: குடும்பத்தினர் தெரிந்துகொள்ள வேண்டியவை

2030ஆம் ஆண்டுக்குள் சிங்கப்பூரர்களில் நால்வரில் ஒருவர் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுடையவராக இருப்பார். அதே ஆண்டுக்குள் தாதிமை இல்லப் படுக்கைகளின் எண்ணிக்கையை 31,000க்கு மேல் உயர்த்துவது சுகாதார அமைச்சின் திட்டம்.

படுக்கைகள் கூடும் வேகத்தில் தாதியரைச் சேர்ப்பது எளிதன்று. அதனால்தான் கைக்கணினி, உணர்கருவி, காணொளிவழி மருத்துவ ஆலோசனை, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஆகியவை தாதிமை இல்லங்களுக்குள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன.

சிராங்கூன் சாலையில் 1910ல் தொடங்கப்பட்ட குவோங் வாய் ஷியு மருத்துவமனை, ஈசூனில் தாதிமை இல்லம் நடத்தும் ஸ்ரீ நாராயண மிஷன் (1948ல் தொடங்கப்பட்டது) ஆகியவை தனித்தனிச் சமூகத்தினரின் முயற்சியில் உருவானவை. இன்று இரண்டும் எல்லா இனத்தவருக்கும் சேவையாற்றுகின்றன. பக்கத்துக் கட்டிலில் சீனப் பாட்டி, பராமரிப்பவர் மியன்மார் அல்லது பிலிப்பீன்ஸ் நாட்டவர் என்பது சிங்கப்பூர்த் தாதிமை இல்லங்களில் இயல்பான காட்சி.

இந்தச் சூழலில் தமிழ் மட்டுமே நாவில் தங்கியிருக்கும் ஒரு மூத்தவருக்குப் புதிய கருவிகள் எந்த அளவுக்கு உதவும்? அவற்றால் இயலாததை யார் செய்வது?

காகிதத்திலிருந்து திரைக்கு

முதல் மாற்றம் பதிவேட்டில். ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, உடல் எடை, கொடுத்த மாத்திரை, உண்ட உணவு ஆகியவற்றைத் தாதியர் முன்பு கோப்பில் எழுதினர். இப்போது பல இல்லங்களில் கைக்கணினியில் பதிகின்றனர்.

இதன் பயன், மெல்ல நிகழும் மாற்றம் கண்ணில் படுவது. மூன்று மாதங்களில் ஒருவரின் எடை நான்கு கிலோ குறைந்தால் கோப்பில் அது வெவ்வேறு பக்கங்களில் சிதறிக் கிடக்கும். திரையில் சரியும் கோடாகத் தெரியும்.

2011ல் தொடங்கிய தேசிய மின்னணு சுகாதாரப் பதிவு முறை, ஒரு நோயாளியின் முக்கிய மருத்துவத் தகவல்களை ஓரிடத்தில் திரட்ட உருவாக்கப்பட்டது. ஒவ்வாமை, மருந்துகள், பரிசோதனை முடிவுகள் போன்ற தகவல்களைச் சுகாதாரப் பராமரிப்பு நிறுவனங்கள் அதில் பதிவதைக் கட்டாயமாக்கும் சுகாதாரத் தகவல் மசோதா 2025 நவம்பரில் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டது.

ஆனால் பதிவேட்டில் யாரேனும் பதிந்தது மட்டுமே இருக்கும். சிராங்கூன் சாலைக் கடையில் பேரன் வாங்கிவந்து தாத்தாவுக்குத் தரும் சூரணமும் லேகியமும் அதில் இரா. சர்க்கரையைக் குறைக்கும் சூரணத்தை நீரிழிவு மாத்திரையுடன் சேர்த்து உண்டால், சர்க்கரை அளவு ஆபத்தான நிலைக்குச் சரியலாம். இல்லத் தாதியிடம் சொல்லாமல் எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது.

மருத்துவர் திரையில்

தாதிமை இல்லங்களில் மருத்துவர் நாள் முழுவதும் இருப்பதில்லை. முன்பு சிக்கல் என்றால் அவசர மருத்துவ வாகனம், அவசரசிகிச்சைப் பிரிவு, பல மணிநேரக் காத்திருப்பு. முதுமை மறதி உள்ளவருக்கு அந்த இடமாற்றமே குழப்பத்தை அதிகரிக்கும்.

கூ டெக் புவாட் மருத்துவமனை 2010ல் இதற்கு ஒரு மாற்று வழியைத் தொடங்கியது. முதியோர் மருத்துவ நிபுணர் மருத்துவமனையிலிருந்து காணொளிவழி தாதிமை இல்லத்தில் உள்ளவரைப் பார்ப்பார். பின்னர் ‘ஜெரிகேர்’ என்ற பெயரில் அது விரிவடைந்தது.

அத்திட்டத்தில் காணொளி ஒரு பாதிதான். தாதியருக்குச் சிறப்புப் பயிற்சி அளித்தது மறுபாதி. திரைக்கு அப்பால் இருக்கும் மருத்துவரால் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவோ, மூச்சை அருகிலிருந்து கேட்கவோ முடியாது. தாதிதான் அவருக்குக் கண்ணும் கையும்.

வலியைக் கண்டறியும் செயலி

பேச இயலாதவரின் வலியை எப்படி அறிவது? ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பெயின்செக்’ செயலி இதற்கு ஒரு விடை. திறன்பேசியின் கேமரா முகத்தைச் சில நொடிகள் படம்பிடிக்க, புருவச் சுருக்கம், உதட்டு அசைவு போன்றவற்றைச் செயற்கை நுண்ணறிவு ஆராயும்.

இச்செயலி மொத்தம் 42 அறிகுறிகளைக் கணக்கில் எடுக்கிறது. அவற்றில் முகம் சார்ந்த ஒன்பதை மட்டுமே இயந்திரம் பார்க்கிறது. குரல், அசைவு, நடத்தை, அன்றாடச் செயல்பாடு, உடல்நிலை ஆகியவை சார்ந்த மற்ற 33ஐயும் பராமரிப்பவர் கவனித்துப் பதியவேண்டும்.

இங்குதான் மொழி குறுக்கிடுகிறது. முதுமை மறதி முற்றும்போது பிற்காலத்தில் கற்ற ஆங்கிலமும் மலாயும் மங்கி, தாய்மொழி மட்டும் எஞ்சுவது உண்டு. “மேலுக்கு முடியல”, “நெஞ்சு கரிக்குது”, “காலு மரத்துப்போச்சு” என்று ஒரு பாட்டி தெளிவாகவே சொல்லக்கூடும். தமிழறியாத ஊழியருக்கு அது வெறும் முனகல். செயலியில் “சத்தமிடுகிறார்” என்று பதிவாகும். நெஞ்செரிச்சல் என்ற செய்தி பதிவாகாது.

திறன்பேசி மொழிபெயர்ப்புச் செயலிகள் ஓரளவு உதவும். எனினும் பல் இல்லாத வாயிலிருந்து வரும் பேச்சுத் தமிழில் அவை எளிதில் தடுமாறும். சிகிச்சைக்கு ஒப்புதல் பெறுவது போன்ற முக்கியத் தருணங்களில் மொழி தெரிந்த மனிதரே வேண்டும்.

விழுவதைத் தடுக்குமா?

மெத்தைக்கு அடியில் வைக்கப்படும் உணர்கருவி, ஒருவர் எழுந்ததும் எடை மாறுவதை உணர்ந்து தாதியருக்கு ஒலி எழுப்பும். ரேடார் வகைக் கருவிகள் படம் எடுக்காமலே அறையில் ஒருவர் விழுந்ததை அறியும்.

ஒலி எழுந்த பின் ஒருவர் வந்து சேர வேண்டும். இரவில் ஒரு தாதி பலரைக் கவனிக்கும்போது அந்த இடைவெளி நீளலாம். புரண்டு படுத்தாலே ஒலிக்கும் கருவி என்றால் நாளடைவில் ஊழியர்களின் காது அதற்குப் பழகிவிடும் ஆபத்தும் உண்டு.

தகவல் யார் கையில்?

2018ல் சிங்ஹெல்த் கணினிக் கட்டமைப்பு இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது 1.5 மில்லியன் நோயாளிகளின் தனிப்பட்ட விவரங்கள் திருடப்பட்டன. ஏறத்தாழ 160,000 பேரின் வெளிநோயாளி மருந்து விவரங்களும் அவற்றுள் அடங்கும். மருத்துவத் தகவல் ஒருமுறை கசிந்தால் திரும்பப் பெற முடியாது.

படுக்கையறைக் கேமரா, முகத்தைப் படிக்கும் செயலி போன்றவற்றுக்கு மூத்தவரால் முடிவெடுக்க முடியும்வரை அவருடைய சம்மதமே முதன்மையானது. மனநலத்துடன் இருக்கும்போதே நீடித்த அதிகாரப் பத்திரம் செய்துகொண்டால், பிற்காலத்தில் தம் சார்பாக யார் முடிவெடுப்பது என்பதை அவரே தீர்மானிக்கலாம்.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை

- வலி, பசி, தாகம், கழிவறை, தலைச்சுற்றல் ஆகியவற்றுக்கு உங்கள் வீட்டு மூத்தவர் சொல்லும் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில், பொருளுடன் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு படியைக் கட்டிலருகே ஒட்டவும் இன்னொன்றை மின்னிலக்கப் பதிவேட்டில் சேர்க்கவும் கேளுங்கள்.

- சைவ உணவு, கையால் உண்ணும் பழக்கம், காலையில் நெற்றிக்குத் திருநீறு, பிடித்த பழைய பாடல் போன்றவற்றையும் பதியச் சொல்லுங்கள். அமைதியின்றித் தவிக்கும் நேரத்தில் எது கைகொடுக்கும் என்பது ஊழியருக்குத் தெரியும்.

- இரவில் உணர்கருவி ஒலித்தால் யாருக்குத் தகவல் போகும், வழக்கமாக எவ்வளவு நேரத்தில் ஒருவர் வருவார் என்று கேளுங்கள்.

- கேமரா எங்கே இருக்கிறது, பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் சேமிக்கப்படும் என்பதை உறுதிசெய்யுங்கள்.

- காணொளி மருத்துவ ஆலோசனையின்போது தமிழ் தெரிந்த குடும்பத்தினர் ஒருவர் இணைய முடியுமா என்று விசாரியுங்கள்.

- காணொளி அழைப்புக்கு வாரத்தில் ஒரு நிலையான நேரத்தைக் கேட்டுப் பெறுங்கள். கொவிட்-19 பரவலால் 2020 ஏப்ரல் 2 முதல் இல்லங்களுக்கு வருகையாளர் அனுமதி நிறுத்தப்பட்டபோது, பல குடும்பங்களுக்கு அந்தச் சிறிய திரைதான் துணையாக இருந்தது. கை நடுங்கும், காது மந்தமான ஒருவருக்குக் கைக்கணினியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஊழியர் வேண்டும். நேரம் குறித்திருந்தால் அவரும் ஆயத்தமாக இருப்பார்.

இவற்றில் எதற்கும் தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. இல்லத்தில் சேர்க்கும் நாளிலேயே இந்த விவரங்களைக் கொடுத்துவிட்டால், முதல் வாரத்திலிருந்தே தாதியருக்கு அவை பயன்படும்.