எவர்சில்வர் டம்ளர் பாடுமா?

ஓர் எவர்சில்வர் டம்ளரை மேசைமீது வைத்து, அதன் விளிம்பைப் பென்சிலால் இலேசாகத் தட்டிப் பாருங்கள். 'டிங்' என்று ஓர் ஒலி எழும். ஓரிரு வினாடிகளில் தேய்ந்து மறைந்துவிடும். இந்த ஒரே ஒரு 'டிங்'கை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பாட்டு முழுவதையும் வாசிக்க முடியுமா? நிபந்தனை உண்டு. டம்ளரில் தண்ணீர் ஊற்றிச் சுருதி சேர்க்கக் கூடாது. அது ஜலதரங்கம் ஆகிவிடும். இரண்டாவது டம்ளரும் கூடாது. தட்டுவதும் ஒரே முறைதான்.

முடியும். பதிவு செய்த ஓர் ஒலியை வெவ்வேறு சுருதிகளில் திரும்ப ஒலிக்கச் செய்யும் கருவிக்குச் 'சாம்ப்ளர்' என்று பெயர். அதை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஒரு பழைய கணிப்பொறியும், ஒரு மைக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் நீங்களே செய்துவிடலாம்.

நாடாவிலிருந்து எண்ணுக்கு

கிராமபோன் தட்டை விரலால் வேகமாகச் சுழற்றினால் பாடகரின் குரல் கீச்சென்று மேலே ஏறும். மெதுவாக்கினால் கரகரத்துக் கீழே இறங்கும். சாம்ப்ளரின் மூலதத்துவம் இதுதான். பிரெஞ்சு வானொலியில் பணியாற்றிய பியர் ஷேஃபர் என்பவர், 1948ஆம் ஆண்டில் ரயில் வண்டிகளின் ஓசையைப் பதிவு செய்து, அதிலிருந்தே ஓர் இசைத் துணுக்கை உருவாக்கினார். பிறகு அவர் அமைத்த 'ஃபோனோஜென்' என்னும் இயந்திரத்தில் பன்னிரண்டு கட்டைகள் இருந்தன. ஒவ்வொரு கட்டையும் ஒரே ஒலிநாடாவை ஒவ்வொரு வேகத்தில் ஓட்டும். பன்னிரண்டு வேகம், பன்னிரண்டு சுரம்!

1963இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'மெல்லட்ரான்' வேறு வழியில் சென்றது. அதில் ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனி நாடா. நாடாவின் நீளம் ஏறத்தாழ எட்டு வினாடி. அதற்குமேல் கட்டையை அழுத்திக்கொண்டே இருந்தால் ஒலி நின்றுவிடும்; வாசிப்பவர் விரலை எடுத்து மறுபடி அழுத்த வேண்டும்!

நாடாவை விட்டு எண்ணுக்கு மாறிய கருவிகளில் புகழ்பெற்றது, 1979இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பீட்டர் வோகல், கிம் ரைரி ஆகிய இருவரும் உருவாக்கிய 'ஃபேர்லைட்'. அதில் ஒரு குரலுக்கு ஒதுக்கப்பட்ட நினைவகம் 16 கிலோபைட் மட்டுமே. சுமார் ஒரு வினாடி ஒலிதான் அதில் அடங்கும். ஆயினும் அதன் விலையில் ஒரு வீடே வாங்கலாம் என்னும்படி இருந்தது. நம் டம்ளர் ஒலிக்கு அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் இடம் வேண்டும். இன்றைய கணிப்பொறிக்கு அது கடுகளவு.

ஒலி எப்படி எண்ணாகிறது? மைக்கின்மீது மோதும் காற்றழுத்தம் கணந்தோறும் மாறுகிறது. அதை வினாடிக்கு 44,100 முறை அளந்து, அளவுகளை வரிசையாகக் குறித்துக்கொண்டால் போதும். இரண்டு வினாடி 'டிங்' என்பது 88,200 எண்கள் கொண்ட ஒரு பட்டியல், வேறொன்றும் இல்லை. இனி நாம் டம்ளரைத் தொடப் போவதில்லை. பட்டியலைத்தான் வாசிக்கப் போகிறோம்.

பெட்டிகளும் கோடுகளும்

நாம் பயன்படுத்தப் போகும் மென்பொருளின் பெயர் 'பியூர் டேட்டா'. இதனை 1990களில் உருவாக்கியவர் அமெரிக்கக் கணித அறிஞரான மில்லர் பக்கெட். அதற்கு முன்பு, 1980களில், பாரிஸிலுள்ள இர்காம் என்னும் இசை ஆய்வு நிலையத்தில் 'மேக்ஸ்' என்ற மென்பொருளை எழுதியவரும் அவரே. 1957ஆம் ஆண்டிலேயே பெல் ஆய்வகத்தில் கணிப்பொறியை இசைக்க வைத்த மேக்ஸ் மேத்யூஸின் நினைவாக அதற்கு அப்பெயர் சூட்டப்பட்டது. பியூர் டேட்டா இலவசம், இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.

இதில் நிரலை வரி வரியாக எழுத வேண்டியதில்லை. வெற்றுத் திரையில் சிறு சிறு பெட்டிகளை வைத்து, ஒரு பெட்டியின் அடியிலிருந்து அடுத்த பெட்டியின் தலைக்குக் கோடு இழுக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய்கள் வழியே நீர் இறங்குவதுபோல, ஒலி கோடுகளின் வழியே மேலிருந்து கீழே பாய்கிறது. பெட்டிக்குள் ஆங்கில எழுத்துகளில் அதன் பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒலி பாயும் பெட்டிகளின் பெயர் '~' என்னும் அலைக்குறியுடன் முடியும்.

முதலில், மென்பொருளின் ஒலி அமைப்பில் வேகம் 44,100 என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, 88,200 இடங்கள் கொண்ட ஒரு பட்டியலை உண்டாக்கி, அதற்கு 'டிங்' என்று பெயரிடுங்கள். மைக்கிலிருந்து ஒலியைக் கொண்டுவரும் பெட்டி 'ஏடிசி~'. அதன் கீழே 'டேப்ரைட்~ டிங்'. இங்கே டேப் என்பது நாடா அன்று. டேபிள், அதாவது பட்டியல் என்பதன் சுருக்கம். பட்டியலில் எழுது என்று அதற்குப் பொருள். அதற்கு ஒரு தட்டுக் கொடுத்த மறுகணம் டம்ளரைத் தட்டுங்கள். இரண்டு வினாடி கழித்து ஒலியின் வடிவம் திரையில் வரைபடமாகத் தோன்றும்: இடப்பக்கம் பருத்து, வலப்பக்கம் எலிவால்போல் மெலிந்து.

இனி வாசிப்பு. 'லைன்~', அதன் கீழே 'டேப்ரீட்4~ டிங்', அதன் கீழே ஒலியை 0.2 ஆல் பெருக்கிக் குறைக்கும் ஒரு பெட்டி, கடைசியில் ஒலிபெருக்கிக்கு அனுப்பும் 'டாக்~'. (குறைக்கும் பெட்டியை மறந்துவிடாதீர்கள். காதுக்கருவி மாட்டியிருக்கும்போது ஒரு சிறு தவறும் செவிப்பறையைத் தாக்கும்.) லைன்~ பெட்டிக்கு '0, 88200 2000' என்னும் செய்தியை அனுப்புங்கள். அதன் பொருள்: சுழியிலிருந்து புறப்பட்டு, 2000 மில்லிவினாடிகளில் 88,200ஆம் இடத்தை அடைவாயாக! பட்டியல் அதே வேகத்தில் படிக்கப்படும். டம்ளர் 'டிங்' என்னும். 2000ஐ 1000 ஆக்குங்கள். அதே எண்கள் பாதி நேரத்தில் படிக்கப்படுவதால் அதிர்வெண் இருமடங்காகி, ஒலி ஒரு ஸ்தாயி மேலே தாவும்.

இடையிலுள்ள சுரங்களுக்கு என்ன செய்வது? ஆர்மோனியத்தில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள். ஒரு கட்டையிலிருந்து அடுத்ததற்கு அதிர்வெண் ஏறத்தாழ 1.0595 மடங்காகிறது, இந்த எண்ணைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 2 வரும். ஸட்ஜமத்திலிருந்து பஞ்சமம் ஏழு கட்டை தூரம், 1.498 மடங்கு. ஆகவே 2000ஐ 1.498 ஆல் வகுத்து, 1335 என்று கொடுங்கள். டம்ளர் பஞ்சமம் பாடும். இப்படியே மற்ற சுரங்களுக்கும் கணக்கிட்டு, எண்களைக் கட்டைகளோடு இணைத்துவிட்டால் சாம்ப்ளர் தயார்.

எண்களுக்கு இடையே

தயார் என்றேனே தவிர, உண்மையான சங்கடம் இனிமேல்தான் தொடங்குகிறது. 1.0595 வேகத்தில் படிக்கும்போது நாம் நிற்க வேண்டிய இடங்கள் 0, 1.0595, 2.119 என்று போகும். பட்டியலிலோ ஒன்றாம் எண் இருக்கிறது, இரண்டாம் எண் இருக்கிறது, 1.0595ஆம் எண் என்று ஒன்று இல்லவே இல்லை! நாம் அளக்காத ஒரு கணத்தின் அழுத்தத்தை எங்கிருந்து எடுப்பது?

பின்னத்தை வெட்டிவிட்டு முதல் எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். அப்போது டம்ளரோடு மணல் அரைபடுவதுபோல் ஒரு கரகரப்பும் கேட்கும். பக்கத்து எண்கள் இரண்டையும் நேர்கோட்டால் இணைப்பது அதைவிட நல்லது: 10க்கும் 20க்கும் நடுவில், கால் பங்கு தூரத்தில், 12.5. ஆனால் ஒலி அலை வளைந்து செல்வது. அதற்கு நேர்கோடு பொருந்தாது. எனவே டேப்ரீட்4~ முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு எண்களைப் பார்க்கிறது. அவற்றின் வழியே செல்லும் ஒரு வளைகோட்டைக் கணித்து, நாம் கேட்ட இடத்தில் அதன் உயரத்தைத் தருகிறது. பெயரிலுள்ள 4க்கு அதுதான் பொருள். கணிதத்தில் இம்முறைக்கு இடைச்செருகல் என்று பெயர். வினாடிக்கு 44,100 முறை இந்தக் கணக்கு நடக்கிறது. ஆக, பஞ்சமத்தில் நீங்கள் கேட்கும் அளவுகளில் பெரும்பாலானவை மைக் அளந்தவை அல்ல, ஊகித்தவை! நல்ல ஊகமாதலால் காது ஏமாந்துவிடுகிறது.

எவ்வளவு நீளமான ஒலியையும் இப்படி வாசிக்கலாமா? இல்லை. சாதாரணப் பியூர் டேட்டா ஓர் எண்ணை 32 பிட்டுகளில் எழுதுகிறது. அவற்றில் 24 பிட்டு அளவுக்கே துல்லியம் உண்டு. முழு எண் பெருகப் பெருகப் பின்னத்துக்கு இடம் சுருங்கும். 88,200ஆம் இடத்தருகே மிகச் சிறிய அடி 1/128. 1,67,77,216ஐத் தாண்டினால், அதாவது ஆறு நிமிடம் இருபது வினாடிக்கு அப்பால், பின்னம் மறைவதோடு ஒற்றைப்படை எண்களும் மறைந்துவிடும்! டம்ளருக்கு இந்தக் கவலை இல்லை. ஒரு கச்சேரியையே பட்டியலில் ஏற்ற நினைப்பவர்களுக்காக, தொடக்க இடத்தைத் தனியாகக் கொடுக்க இப்பெட்டியில் இரண்டாவது நுழைவாய் வைத்திருக்கிறார்கள்.

நான் செய்த முதல் சாம்ப்ளர் வேறொரு தொல்லை கொடுத்தது. வேகமாக வாசித்தால் ஒவ்வொரு சுரத்தின் முன்னும் 'டக்' என்று ஓர் ஓசை. மைக்கின்மீது பழியைப் போட்டு அதை மாற்றியும் பார்த்தேன். குற்றம் என்னுடையதே. பழைய 'டிங்' ஒலித்துக்கொண்டிருக்கும்போதே புதியது தொடங்கினால், எண் 0.4இலிருந்து சட்டென்று 0க்குக் குதிக்கிறது. அந்தக் குதிப்புதான் 'டக்'. பரிகாரம் எளிது. இன்னொரு லைன்~ பெட்டியால் ஒலியளவை 5 மில்லிவினாடிகளில் சுழிக்கு இறக்கி, அதன்பின் புதிய சுரத்தைத் தொடங்க வேண்டும். இந்தத் தாமதத்தை விரல் உணர்வதில்லை.

தீராத ஒரு குறை

மேலே சொன்னவற்றுக்கெல்லாம் மருந்து உண்டு. ஒன்றுக்கு இல்லை. ஒரு ஸ்தாயி மேலே போன டம்ளர், சிறிய டம்ளர்போல் ஒலிக்கும். பாதி நேரத்தில் ஓய்ந்தும் விடும். டம்ளராக இருந்தால் பாதகமில்லை. உங்கள் குரலைப் பதிவு செய்து இவ்வாறு ஏற்றிப் பாருங்கள். அணில் பேசுவதுபோல் இருக்கும். 1958இல் அமெரிக்காவில் ராஸ் பக்டசாரியன் என்பவர், மெதுவாகப் பாடிப் பதிவு செய்ததை வேகமாக ஓட்டியே, பாடும் அணில்கள் மூன்றைப் படைத்தார். நாம் உச்சத்தில் பாடும்போது குரல்நாண்கள்தான் விரைந்து அதிர்கின்றன; வாயும் தொண்டையும் சுருங்கிப் பாதியாவதில்லை. சாம்ப்ளருக்கு இந்த வேறுபாடு தெரியாது. எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கிவிடுகிறது. ஆகையால் பியானோ ஒலிகளைத் தயாரிப்பவர்கள் ஒரே சுரத்தை இழுத்து நீட்டுவதில்லை. சில கட்டைகளுக்கு ஒன்றாக, மெல்லவும் பலமாகவும் அழுத்தி, நூற்றுக்கணக்கான பதிவுகள் செய்கிறார்கள். மெல்லட்ரானின் பழைய வழிக்கே திரும்பி வந்துவிட்டார்கள் என்றும் சொல்லலாம்.

கடைசியாக ஒரு சோதனை. செய்தியைத் திருப்பி '88200, 0 2000' என்று அனுப்புங்கள். எங்கோ தொலைவில் ஒரு முனகல் பிறந்து, பெருகிப் பெருகி வந்து, பென்சில் படும் அந்தக் கணத்தில் சட்டென்று அறுந்து போகும். வீட்டிலுள்ளவர்களைக் கூப்பிட்டு, இது எந்தப் பொருளின் ஓசை என்று கேட்டுப் பாருங்கள்.