குழி வெட்டினவனும் குழியில் கிடப்பவனும்

“தான் வெட்டிய குழியில் தானே விழுவான்” என்பது நம் மக்களிடையே வழங்கும் பழமொழி. எபிரேயத் திருமறையும் இக்கருத்தை மீண்டும் மீண்டும் வலியுறுத்துகின்றது (சங். 7:15, 9:15, 57:6, நீதி. 26:27, பிர. 10:8). இவ்வசனங்களைக் கொண்டு அருளுரை ஆற்றுதல் எளிது. ஆயின் கோவில்பட்டிப் பகுதியில், தீப்பெட்டித் தொழிலில் உழைத்தும் கந்துவட்டியில் அமிழ்ந்துபோன ஒரு குடும்பத்தின் முன் நின்று இதனைக் கூறுதல் எளிதன்று. அங்கே குழி வெட்டினவன் நலமாயிருக்கிறான். அவனால் வீழ்த்தப்பட்டோரே குழிக்குள் கிடக்கின்றனர். அவ்வாறாயின் திருமறைக் கூற்றின் பொருள் யாது?

ஏழாம் சங்கீதம் தீயோனைக் கருவுற்றவனாகச் சித்திரிக்கின்றது. அவன் கருக்கொண்டது அக்கிரமம், ஈன்றது பொய் (வச. 14). ஜெர்மானிய அறிஞர் கிளாவுஸ் கோஹ், 1955-இல் வெளியிட்ட கட்டுரையில், செயலும் அதன் விளைவும் விதையும் விளைச்சலும்போல் பிணைந்துள்ளன என்றும், அவ்விளைவை நிறைவேற்றும் மருத்துவச்சியாகவே கடவுள் நிற்கிறார் என்றும் வாதிட்டார். “வினை விதைத்தவன் வினை அறுப்பான்” என்னும் நம் முதுமொழிக்கு இது மிக நெருங்கியது.

எனினும் கரிசல் உழவர் விதைப்பை நாம் அறிவோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே அவர்கள் புழுதியில் விதைக்கின்றனர். விதை மண்ணுக்குள் காத்துக் கிடக்கும். மழையோ அவர்கள் கையில் இல்லை. சங்கீதக்காரரின் நம்பிக்கையும் இத்தகைய மானாவாரி நம்பிக்கையே. தானே இயங்கும் ஒரு விதியை அவர் நம்பவில்லை, நியாயஞ்செய்கிற ஆண்டவரை நம்புகிறார் (சங். 9:16). ஆகவேதான் நியாயம் தாமதித்தபோது, துன்மார்க்கர் வாழ்வது ஏன் என்று எரேமியா அவரோடு வழக்காட முடிந்தது (எரே. 12:1). விதியோடு வழக்காட இயலாது, ஆண்டவரோடு வழக்காடலாம்.

அந்த எரேமியாவையே பிரபுக்கள் துரவில் இறக்கினர். அதில் தண்ணீர் இல்லை, உளையே இருந்தது (38:6). மழைக்குப்பின் கரிசற் சேற்றில் கால் புதைந்தோர்க்கு அந்நிலை விளங்கும். பகைவர் உடனே அத்துரவில் விழுந்துவிடவில்லை. எத்தியோப்பியனாகிய எபெத்மெலேக்கு, நகர வாசலில் வீற்றிருந்த அரசனிடம் சென்று, இது அநியாயம் என்று முறையிட்டான். பின்பு கந்தைகளை அக்குள்களில் வைத்துக்கொள்ளச் செய்து, கயிறுகளால் தீர்க்கதரிசியைத் தூக்கியெடுத்தான்.

எஸ்தரின் ஆகமமும் இதனையே காட்டுகின்றது. ஆமான் நாட்டிய ஐம்பது முழ உயரமுள்ள தூக்குமரம் அவனுக்கே ஆயிற்று (7:10). எபிரேய மூலத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஆயினும் அரசனுக்கு உறக்கம் வராத ஓர் இரவும், அழைக்கப்படாமலே அரசன் முன் செல்லத் துணிந்த ஒரு பெண்ணும் தீய சூழ்ச்சியைத் தலைகீழாக்கக் காண்கிறோம். அதேவேளை, ஒன்பதாம் அதிகாரம் கூறும் எழுபத்தையாயிரம் பேரின் சாவை நாம் நடுக்கத்தோடே வாசித்தல் வேண்டும். பகைவன் விழும்போது மகிழலாகாது என்பதும் திருமறையே (நீதி. 24:17).

ஆதலால் இவ்வசனங்களைக் கையாளுகையில் இரு பிழைகளை நாம் விலக்கவேண்டும். ஒன்று, திருச்சபைத் தேர்தலிலும் வழக்குகளிலும் நம்மை எதிர்ப்போர்மேல் இவற்றைச் சாபமாக எறிதல். குழி வெட்டினவர் நாமாகவும் இருக்கக்கூடும் அன்றோ? மற்றொன்று, ஒடுக்கப்பட்டோர்க்கு இவற்றைத் தாலாட்டாகப் பாடி, அவர்களைக் குழியிலேயே உறங்கவிடுதல். கந்துவட்டியைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003-இல் இயற்றப்பட்டது. எனினும் கடன்பட்டவர் தனியே காவல் நிலையம் செல்ல அஞ்சுகிறார். ஆயர் ஒருவர் உடன் செல்வாரெனில், எபெத்மெலேக்கு நகர வாசலில் செய்ததை அவரும் செய்கிறார்.

குழி வெட்டினவனுக்கு நியாயம் தீர்ப்பது ஆண்டவருடையது. அவர் வேளைக்காகக் காத்திருப்போம். குழியில் கிடப்பவனுக்கோ, கயிற்றோடு கந்தையையும் கொண்டு செல்வது நமக்கு விதிக்கப்பட்ட ஊழியம்.