ஒன்றரை மணி நேர வேலைக்கு ஆறு நாள் ஏன்?

ஒரு நிறுவனத்தில் விற்பனை, கணக்கு, ஸ்டோர்ஸ், டெலிவரி என்று பல பிரிவுகள். எந்தப் பிரிவைக் கேட்டாலும், “எங்களிடம் எதுவும் நிலுவையில் இல்லை” என்கிறார்கள். வாடிக்கையாளரோ, “இன்னும் வரவில்லையே” என்று போன் செய்தபடி இருக்கிறார். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியுமா?

முடியும். வேலை நடப்பது பிரிவுக்குள்ளே. தாமதம் சேர்வது ஒரு பிரிவுக்கும் அடுத்த பிரிவுக்கும் நடுவே. அந்த நடுப்பகுதிக்குப் பெரும்பாலும் பொறுப்பாளரே கிடையாது. அதைக் கண்ணுக்குத் தெரியவைப்பதுதான் செயல்முறை வரைபடம் (ஒரு வேலை எங்கே தொடங்கி, யார் யார் கைமாறி, எங்கே முடிகிறது என்று காட்டும் படம்).

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் ஐபிஎம் கிரெடிட். ஐபிஎம் கம்ப்யூட்டர் வாங்குபவர்களுக்குக் கடன் கொடுத்த நிறுவனம் அது. அங்கே நடந்ததை மைக்கேல் ஹாமரும் ஜேம்ஸ் சாம்பியும் 1993-இல் வெளிவந்த ‘ரீஇன்ஜினியரிங் த கார்ப்பரேஷன்’ நூலில் விவரித்திருக்கிறார்கள்.

விற்பனையாளர் போனில் கடன் கேட்பார். ஒருவர் அதைத் தாளில் குறித்துக்கொள்வார். தாள் மாடிக்குப் போகும். அங்கே வாடிக்கையாளரின் கடன் தகுதியைப் பார்ப்பார்கள். அடுத்த பிரிவு ஒப்பந்த நிபந்தனைகளை அவருக்கு ஏற்ப மாற்றும். அதற்கடுத்தவர் வட்டியைக் கணக்கிடுவார். கடைசியில் ஒரு குழு எல்லாவற்றையும் கொட்டேஷன் கடிதமாக்கி கூரியரில் அனுப்பும். இப்படி 5 கட்டங்களைத் தாண்ட சராசரியாக 6 நாள் ஆனது. சில சமயம் 2 வாரம்கூட ஆனது. அதற்குள் வாடிக்கையாளர் வேறு இடத்தில் கடன் வாங்கிவிடலாம், வேறு கம்பெனியின் கம்ப்யூட்டருக்கே போய்விடலாம்.

முதலில் என்ன செய்து பார்த்தார்கள்? “என் விண்ணப்பம் எங்கே இருக்கிறது?” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு கண்காணிப்பு மேசை போட்டார்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் தாள் அந்த மேசைக்குத் திரும்பி வரும். பதில் சொல்ல முடிந்தது. ஆனால் தாமதம் இன்னும் கூடியது.

பிறகு இரண்டு மூத்த மேலாளர்கள் ஒரு விண்ணப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர்களே 5 கட்டங்களுக்கும் நடந்தார்கள். “கையில் இருப்பதை ஒதுக்கிவையுங்கள், வழக்கமாகச் செய்வதுபோல் இதை முடித்துக் கொடுங்கள்” என்று ஒவ்வொரு மேசையிலும் கேட்டார்கள். மொத்த வேலையும் 90 நிமிடத்தில் முடிந்தது. மீதி நாள்கள் எல்லாம் தாள் மேசை மாறிக் காத்துக்கிடந்த நேரம்தான்.

தீர்வு என்ன? பெரும்பாலான விண்ணப்பங்கள் சாதாரணமானவை. நான்கு நிபுணர்கள் தேவையில்லை. நல்ல கணினி வசதி இருந்தால் ஒருவரே தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்துவிடலாம். சிக்கலானவற்றுக்கு மட்டும் ஒரு சிறு நிபுணர் குழு போதும். அப்படி மாற்றியதும் 6 நாள் 4 மணி நேரமாகச் சுருங்கியது. ஆள் எண்ணிக்கையைக் கூட்டாமலே, கையாண்ட விண்ணப்பங்கள் நூறு மடங்கு ஆயின என்கிறது அந்த நூல்.

ஒவ்வொரு பிரிவும் தன் வேலையை மட்டும் இரு மடங்கு வேகப்படுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 90 நிமிடம் 45 ஆகியிருக்கும். 6 நாள் 6 நாளாகவே இருந்திருக்கும். நிறுவனம் முழுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

சரி, உங்கள் நிறுவனத்தில் எங்கிருந்து தொடங்குவது? வாடிக்கையாளரிடமிருந்து. ஒரே தாளில் நான்கைந்து நீண்ட பாதைகளை எழுதுங்கள்: ஆர்டர் வந்ததிலிருந்து பொருள் கையில் சேர்வது வரை, புகார் வந்ததிலிருந்து சரிசெய்து கொடுப்பது வரை என்று. பிரிவுகளின் பெயர்களிலிருந்து தொடங்காதீர்கள். இருக்கிற பதவி அட்டவணையே திரும்ப வந்து நிற்கும். பிறகு அதிகம் புகார் வரும் பாதை ஒன்றை மட்டும் எடுத்து விரிவாக வரையுங்கள்.

வரைவதற்கு சாஃப்ட்வேர் வேண்டுமா? தொடக்கத்தில் வேண்டாம், சுவரில் ஒட்டிய பெரிய தாளும் பென்சிலும் போதும். பிபிஎம்என் (செயல்முறை வரைவதற்கான பொதுக் குறியீட்டு முறை, 2013-இல் ஐஎஸ்ஓ தரமானது) என்ற முறையில் நிறையக் குறிகள் உண்டு. உங்களுக்கு நான்கு போதும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் வட்டம், வேலைக்குக் கட்டம், ‘ஆமா, இல்லையா’ என்று முடிவெடுக்கும் இடத்துக்கு வைர வடிவம், வரிசையைக் காட்ட அம்புக்குறி.

பிரிவுக்கு ஒரு வரிசை என்று தாளைக் குறுக்கே பிரித்துக்கொள்ளுங்கள். அம்பு ஒரு வரிசையிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும் ஒவ்வொரு இடத்தையும் சிவப்பில் குறியுங்கள். முதலில் அங்கேதான் தேட வேண்டும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு நேரம் எழுதுங்கள்: வேலைக்கு ஆகும் நேரம், வேலை தொடங்கும்வரை காத்திருந்த நேரம். உதாரணமாக, நீங்கள் பம்ப்செட் விற்கிறீர்கள் என்று வையுங்கள். ‘கணக்குப் பிரிவு அனுமதி: வேலை 10 நிமிடம், காத்திருப்பு 2 நாள்’ என்று தாளில் வந்தால், அங்கே வேலை செய்பவரை அவசரப்படுத்திப் பயனில்லை. அந்த அனுமதி எல்லா ஆர்டருக்கும் வேண்டுமா, பெரிய தொகைக்கு மட்டும் போதுமா என்று கேளுங்கள்.

எந்தக் கட்டத்தை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது? இரண்டு கேள்வி கேளுங்கள். இதனால் வாடிக்கையாளருக்குப் பயன் உண்டா? இல்லையென்றால், சட்டமோ பாதுகாப்போ இதைக் கேட்கிறதா? ஜிஎஸ்டி பில் போடுவதை விட முடியாது, சட்டம் கேட்கிறது. மூன்று பேர் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவதற்கு இரண்டு கேள்விக்கும் விடை ‘இல்லை’ என்றால், அதை எடுத்துவிடலாம்.

எல்லாவற்றையும் கணினிமயமாக்கினால் போதாதா? போதாது. தேவையில்லாத கையெழுத்து கணினியில் ஏறினாலும் தேவையில்லாததுதான். பழைய முறையை அப்படியே கணினியில் ஏற்றாதீர்கள், வேண்டாததை முதலில் நீக்குங்கள் என்று ஹாமர் 1990-இலேயே ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதினார்.

ஊழியர்கள் பயப்பட மாட்டார்களா? பயப்படுவார்கள், அது நியாயமும்கூட. ஆகவே, தேடுவது காத்திருப்பை, குற்றவாளியை அல்ல என்று தொடங்கும் முன்பே சொல்லுங்கள். யாருடைய வேலை மாறுமோ அவருக்குப் பயிற்சி உண்டு என்பதையும் சொல்லுங்கள். அந்த வேலையைத் தினமும் செய்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரையுங்கள். மேலாளர் அறையில் உட்கார்ந்து வரைந்தால், நடக்க வேண்டியதுதான் தாளில் வரும், நடப்பது வராது.

மாற்றியது நிலைக்குமா? ஒரு பொறுப்பாளர் இருந்தால் நிலைக்கும். ஆர்டர் வந்ததிலிருந்து பொருள் சேர்வது வரை பதில் சொல்ல ஒருவரை நியமியுங்கள். எல்லாப் பிரிவையும் கேள்வி கேட்கும் அதிகாரத்தை அவருக்குக் கொடுங்கள். கணக்கை வாடிக்கையாளரின் கடிகாரத்தில் பாருங்கள். ஸ்டோர்ஸ் அனுப்பிய தேதி முக்கியமல்ல. வாடிக்கையாளர் கேட்ட தேதியும் அவர் கையில் சேர்ந்த தேதியும்தான் முக்கியம்.

இதற்கெல்லாம் ஆலோசகரோ பெரிய செலவோ தேவையில்லை. இந்த வாரமே ஓர் ஆர்டரை எடுத்துக்கொண்டு, முதல் மேசையிலிருந்து கடைசி மேசை வரை நீங்களே கூடப் போய்ப் பாருங்கள். எங்கெங்கே எவ்வளவு நேரம் கிடக்கிறது என்று எழுதுங்கள். எங்கே திருத்த வேண்டும் என்பதை அந்தத் தாளே உங்களுக்குச் சொல்லிவிடும்.