மொழியியல் வகுப்பும் வீட்டு ஒப்படையும்

பல்கலைக்கழகத்து முதலாம் வருடத்தில் மொழியியலைப் பாடமாக எடுத்துக்கொள்ளும் மாணாக்கருட் பெரும்பாலோர், அதனை இலக்கண வகுப்பின் நீட்சி என்றே எண்ணி வருகின்றனர். நன்னூற் சூத்திரங்களை மனனஞ் செய்து உயர்தரப் பரீட்சையிற் சிறந்த பெறுபேறு பெற்றவர்கள் அவர்கள். ஆதலின் முதல் ஒப்படையைக் கையிற் கொடுத்ததும் அவர்தம் முகத்திலே ஒரு கலக்கம் தோன்றுவதை ஆண்டுதோறும் காண்கிறேன். அதிலே மனனஞ் செய்வதற்கு எதுவுமில்லை. கடல், அக்கா, தங்கம், மகள் என்னும் நான்கு சொற்கள் மாத்திரமே உண்டு. அவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, ககரம் எத்தனை விதமாக ஒலிக்கின்றது என்று எழுதி வருமாறு கேட்கிறேன்.

“ஒரு ‘க’ தானே, சேர்?” என்று எவரேனும் கேளாத வருடமில்லை.

எழுத்து ஒன்று, ஒலி ஒன்றன்று. சொல்லின் முதலில் வல்லோசை. மெல்லினத்தின் பின்னே குரல் கலந்த ஓசை. உயிர்களுக்கிடையே காற்று உரசிச் செல்லும் ஓசை. ஒன்று வருமிடத்தில் மற்றையது வருவதில்லை. ஆகவே அவற்றை ஓர் ஒலியனின் மாற்றொலிகள் என்கிறோம். விடை இவ்வளவே. ஆயின் விடைக்கு நான் இடும் புள்ளி இரண்டு; விடைக்கு வந்த வழியைக் காட்டுவதற்கு எட்டு. நண்பரோடு கூடியிருந்து ஆராயலாம். எழுதும்போது தனியே இருந்து எழுதவேண்டும். ஒரே பிழையான பிரிப்பு மூன்று தாள்களில் ஒரே இடத்தில் வருமாயின், அதனைக் கண்டுபிடிக்கப் பெரும் புலமை வேண்டியதில்லை.

1955இல் கிளீசன் என்னும் அமெரிக்க அறிஞர், மொழியியற் பயிற்சிகளை மாத்திரங் கொண்ட நூலொன்றை வெளியிட்டார். மாணவர் அறியாத பற்பல மொழிகளின் சொற்களைத் தந்து, உறுப்புகளைப் பிரித்துக் காட்டச் சொல்லும் முறை அது. அறியாத மொழியில் முற்கோள் குறுக்கிடாது என்பது உண்மையே. எனினும் தன் வீட்டு மொழியைத் தன் செவியாற் கேட்பதே கடினமான பயிற்சி என்பது என் துணிபு.

மூன்றாவது ஒப்படை அதற்காகவே அமைந்தது. வீட்டிலுள்ள முதியவர் ஒருவரின் பேச்சிலிருந்து பத்து வாக்கியங்களை, அவர் சொன்னபடியே, அவருடைய சம்மதத்துடன் எழுதி வரவேண்டும். இக்காலத்திற் கைத்தொலைபேசியிலேயே பதிந்துகொள்ளலாம்; கருவிக்குக் குறைவில்லை. ஆனால் வரும் தாள்களிற் பாதி ‘திருத்தி’ எழுதப்பட்டவை. பாட்டி ‘வாறன்’ என்றிருப்பார். தாளில் ‘வருகிறேன்’ என்றிருக்கும். பிழையான தமிழைப் பல்கலைக்கழகத்துக்குள் எவ்வாறு கொண்டுவருவது என்பதே அவர்களின் அச்சம்.

சில வருடங்களுக்கு முன்னர் மலையகத்து மாணவி ஒருத்தியின் தாள் என்னை வெகுநேரம் நிறுத்தி வைத்தது. திருத்திய தமிழ் அதில் இல்லை. பத்து வாக்கியங்களும் யாழ்ப்பாணத்துப் பேச்சில் இருந்தன. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை, தன் வீட்டுப் பேச்சை மறைத்து விடுதித் தோழியரின் பேச்சை எழுதி வந்திருந்தாள். நான் புள்ளி எதுவும் இடாமல், “இது யாருடைய பேச்சு?” என்று மாத்திரம் ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரம் புதிய தாள் வந்தது. முதல் வாக்கியம் அவளுடைய அம்மாயி சொன்னது: “பெரட்டுக்கு நேரமாச்சு, நான் போறேன்.”

அவ்வொரு வாக்கியத்தை வைத்தே அன்றைய வகுப்பு நடந்தது. மலையகத்தில் ‘போறேன்’, யாழ்ப்பாணத்தில் ‘போறன்’. பகுதியும் ஒன்று, நிகழ்காலங் காட்டும் றகரமும் ஒன்று. விகுதி மாத்திரமே ஏன் என்றும் அன் என்றும் வேறுபடுகின்றது. இவற்றுள் எது பிழை? வகுப்பிலே இரு கட்சி உண்டாயிற்று. தன்மை ஒருமை விகுதிகளைச் சொல்லும் நன்னூற் சூத்திரத்தை நினைவுபடுத்துமாறு கேட்டேன். ஒரு மாணவன் தடையின்றி ஒப்புவித்தான். ஒப்புவித்து முடிக்குமுன்னே சிரித்துவிட்டான். அன், ஏன் என்னும் இரண்டையுமே பவணந்தியார் அங்கே சொல்லியிருக்கிறார். மனனஞ் செய்த சூத்திரம் தம் வீட்டு முற்றத்திலே உலாவுவதை அதுவரை எவரும் கண்டிலர். உலக வழக்கையும் செய்யுள் வழக்கையும் ஒருசேர ஆராய்ந்தே தொல்காப்பியம் செய்யப்பட்டதென அதன் பாயிரங் கூறுவதையும் அவர்கள் படித்தவர்களே.

நான்காவது ஒப்படை சுட்டுப் பற்றியது. தமிழகத்துப் பேச்சில் வழக்கிழந்த உகரச் சுட்டு, உவன், உது, உங்கை என யாழ்ப்பாணத்தார் நாவில் நிலைத்திருக்கின்றது. அது வருமிடங்களைத் தொகுத்து, சுட்டப்பட்ட பொருள் பேசுவோர்க்கு அருகிலிருந்ததா, கேட்போர்க்கு அருகிலிருந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறிக்கவேண்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இரண்டு மூன்றோடு நின்றுவிட்டனர். தம் வாயில் வருவது தம் செவிக்கு எட்டவில்லை. அம்மாணவியின் வீட்டுப் பேச்சில் ‘உது’ என்பதே கிடையாது. விடுதியிலே தோழியர் ஒவ்வொரு தடவை ‘உது’ என்னும்போதும் அவள் கொப்பியை விரித்தாள். நாற்பத்தோர் இடங்களைக் குறித்துக்கொண்டு வந்தாள்.