இரவு வேலை முடிந்து வரும் தாதியரைத் தூங்க விடுங்கள்

காலை மணி 8. இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் தாதிக்காக மதியச் சமையலும் துவைக்க வேண்டிய துணியும் காத்திருக்கின்றன. “பகல் முழுவதும் வீட்டில்தானே இருக்கிறாய்” என்று உறவினர்கள் வேறு வேலை சொல்கின்றனர். தோட்டத்திலும் பட்டணத்திலும் நாம் ‘மிஸ்ஸி’ என்று மரியாதையோடு அழைக்கும் தாதியர் பலரின் நிலை இதுதான்.

நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் வார்டு தாதியர் பொதுவாகக் காலை 7 முதல் பிற்பகல் 2 வரை, 2 முதல் இரவு 9 வரை, இரவு 9 முதல் மறுநாள் காலை 7 வரை என மாறி மாறிப் பணியாற்றுகின்றனர். நேரம் அடிக்கடி மாறுவதால் உடலின் தூக்கப் பழக்கம் குலைகிறது. பகலில் தூங்கினாலும் இரவுத் தூக்கம்போல் அது நீடிப்பதில்லை. ஆள் பற்றாக்குறை, நோயாளிகளின் குடும்பத்தார் காட்டும் கோபம், கண்ணெதிரே நிகழும் மரணம் ஆகியவையும் மனத்தை அழுத்துகின்றன.

தொடர்ந்து சமாளிக்க முடியாத வேலை அழுத்தத்தால் வருவதே பணிச்சோர்வு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் விளக்கியது. சக்தி வற்றிப்போதல், வேலைமீது வெறுப்பு, முன்போல் வேலை செய்ய முடியவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். இது தாதியரின் பலவீனம் அல்ல. ஆள்பலத்தையும் வேலை அட்டவணையையும் சரிசெய்யும் பொறுப்பு நிர்வாகத்துடையது.

தாதியர் கடைப்பிடிக்கக்கூடிய சில வழிகள்:

• இரவு வேலைக்குப் போகுமுன் பிற்பகலில் சற்று நேரம் தூங்குவது நல்லது.

• விடியும் நேரத்தில் காப்பி, தேநீரைத் தவிர்த்தால் வீட்டில் தூக்கம் எளிதில் வரும்.

• கண் சொருகும்போது வண்டி ஓட்டக்கூடாது. மருத்துவமனையிலேயே 20 நிமிடம் கண்ணயர்ந்துவிட்டுப் புறப்படலாம்; அல்லது வீட்டாரை வந்து அழைத்துப்போகச் சொல்லலாம்.

• நோயாளியின் மரணம் மனத்தை வாட்டினால், உடன் வேலை செய்பவரிடமோ தலைமைத் தாதியிடமோ மனம்விட்டுப் பேச வேண்டும்.

வீட்டாருக்கும் இதில் பங்குண்டு. அறையை இருட்டாக்குங்கள். தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறையுங்கள். வந்து விழும் தொலைபேசி அழைப்புகளை நீங்களே பேசி முடியுங்கள். தூக்கம் கெட்ட தாதிக்கு மருந்தின் அளவைச் சரிபார்ப்பதில்கூடக் கவனம் தவறலாம். பாதிக்கப்படுவது ஒரு நோயாளி.

தூக்கமின்மை, அழுகை, வேலைக்குப் போகவே அச்சம் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். சுகாதார அமைச்சின் ஹீல் 15555 என்ற எண்ணிலும், 24 மணி நேரமும் செயல்படும் பிஃப்ரெண்டர்ஸின் 03-7627 2929 என்ற எண்ணிலும் பேசலாம்.

உங்கள் வீட்டு மிஸ்ஸி இன்றிரவு வேலைக்குப் போகிறாரா? நாளை மதியம் யார் சமைப்பது என்பதை அவர் கிளம்புமுன் பேசி முடிவெடுங்கள்.