ஏரிதானே என்று இறங்குவதற்கு முன்

போன மாசம் அக்கா பையன் பெங்களூர்லேர்ந்து ஃபோன் பண்ணினான். "மாமா, உங்க ஊர் பக்கம் நேஷனல் பார்க் ஏதாவது இருக்கா? ரெண்டு நாள் டென்ட் போட்டு உள்ளுக்குள்ள சுத்தணும்." யோசெமிட்டி வீடியோ நிறைய பார்த்திருக்கிறான் போல. அங்கே அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, சாப்பாட்டைக் கரடி திறக்க முடியாத டப்பாவில் பூட்டி எடுத்துக்கொண்டு, பாதையே இல்லாத பக்கம் நடந்துபோய்ப் படுத்து எழுந்து வரலாம். நம்ம ஊர்ல அப்படிக் கிடையாதுடா என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். அப்புறம்தான் தோன்றியது, கேள்விக்குப் பாதி பதில்தான் சொல்லியிருக்கிறோம் என்று. மீதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

புதுச்சேரியில் தேசியப் பூங்கா ஒன்றுகூட இல்லை. தமிழ்நாட்டில் ஐந்து: கிண்டி, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா. வில்லியனூரிலிருந்து பார்த்தால் பக்கத்தில் இருப்பது கிண்டி. அது மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை, சுற்றிலும் சென்னை. முதுமலை, ஆனைமலை மாதிரி இடங்களில் காட்டுக்குள் நாம் நினைத்தபடி நடக்க முடியாது. வனத்துறை வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். மலையேறணும் என்றால் தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் திறந்துவிட்ட 40 தடங்கள் இருக்கின்றன. இணையத்தில் பதிவு செய்து, அவர்கள் அனுப்பும் வழிகாட்டியோடு போய்விட்டு வரலாம். இந்தக் கட்டுப்பாடு சும்மா வந்ததில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மாட்டி, மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். மலையேற்றத்துக்கான தனி விதிகள் அந்த வருஷம்தான் வந்தன.

"தேசிய" என்று பெயரில் போட்டுக்கொண்ட பூங்கா ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வக்கிரகாளியம்மன் கோவில் இருக்கிற திருவக்கரையில், தேசியக் கல்மரப் பூங்கா. மிருகம் எதுவும் கிடையாது, காவல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை. சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. எல்லாம் படுத்த மேனிக்கு, வேரும் கிளையும் இல்லாமல். அதனால் அவை அங்கே வளர்ந்தவை இல்லை, எங்கிருந்தோ வெள்ளம் அடித்துக்கொண்டு வந்தவை என்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையாளர் இதைப் பற்றி எழுதிவிட்டார். போனால் பாருங்கள், ஒரு துண்டைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

திருவக்கரையை ஒட்டி ஓடுகிற சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர்தான் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக ஊசுட்டேரிக்கு வருகிறது. நான் சொல்ல வந்ததே ஊசுட்டேரியைத்தான். நம்ம பக்கம் சட்டப்படி காவல் உள்ள காடு மாதிரி ஒரு இடம் உண்டென்றால் அதுதான்.

ஏரி மொத்தம் சுமார் 800 ஹெக்டேர். ஏறக்குறையப் பாதி புதுச்சேரியில், வில்லியனூர் கொம்யூனில். மீதி தமிழ்நாட்டில், வானூர் வட்டத்தில். புதுச்சேரி தன் பங்கை 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது, பிறகு தமிழ்நாடும் தன் பக்கத்தை அறிவித்தது. சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் என்ன வித்தியாசம் என்று நிறைய பேர் கேட்கிறார்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டும் தனித்தனிப் பிரிவு. தேசியப் பூங்காவுக்குள் மாடு மேய்க்கவே கூடாது. சரணாலயத்தில் கட்டுப்பாட்டோடு விடலாம், ஊர்க்காரர்களின் சில உரிமைகளும் தொடரலாம். ஆனால் வெளியிலிருந்து வருகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். பொதுச்சாலையில் போகலாம். அதைத் தாண்டி உள்ளே இறங்க அனுமதி வேண்டும். படம் எடுக்கிறதோ ஆராய்ச்சியோ சுற்றுலாவோ, எதுவாக இருந்தாலும் சரி. நெருப்பு மூட்டக் கூடாது. அதனால் டென்ட் போட்டு அடுப்பு பற்ற வைக்கும் கனவை அங்கேயே விட்டுவிடலாம். சித்திரை, வைகாசியில் காய்ந்து நிற்கும் கோரையையும் சீமைக்கருவேலத்தையும் பார்த்தவர்களுக்கு அந்த விதி ஏன் என்று புரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதுமலைக்குப் போகிறவன் பயந்துதான் போகிறான். யானை இருக்கு, புலி இருக்கு என்று தெரியும். ஊசுட்டேரிக்கோ பாகூர் ஏரிக்கோ போகிறவன் ரப்பர் செருப்போடு போகிறான். "ஏரிதானே!" எங்க பக்கம் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு வார்த்தையில்தான் அடிபடுகிறார்கள்.

பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். நெல் இருந்தால் எலி, எலி இருந்தால் பாம்பு. கண்ணாடி விரியன் வரப்பிலும் வைக்கோலிலும் சருகிலும் படுத்திருக்கும். ஆளைப் பார்த்தால் ஓடாது, அப்படியே கிடக்கும். கிட்டப் போனால் குக்கர் மாதிரி சீறும், அதைக் கேட்டும் கால் வைத்தால் கடிக்கும். என் சித்தப்பாவை அப்படித்தான் கடித்தது. பாகூர்ப் பக்கம், கார்த்திகை மாசம், பொழுது சாய்கிற நேரம், ஏரிக்கரையிலிருந்து வயலுக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதை. கையில் டார்ச் இருந்தது. "இன்னும் வெளிச்சம் இருக்கே" என்று போடவில்லை. கடித்ததும் கணுக்காலுக்கு மேலே துண்டை இறுக்கிக் கட்டிவிட்டு, மந்திரிக்கிறவர் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒன்றரை மணி நேரம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டது. பிழைத்தார். ஆனால் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பப் பல வாரம் டயாலிசிஸ் தேவைப்பட்டது. அந்த மந்திரிப்புக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் நல்ல மனுஷன்தான், பல பேரைப் "பிழைக்க வைத்திருக்கிறார்". அவரிடம் வந்தவர்களில் பாதிப்பேரைக் கடித்தது தண்ணீர்ப்பாம்பும் சாரையும். அவற்றுக்கு விஷமே கிடையாது. விஷப்பாம்பு கடித்தாலும் சில சமயம் விஷம் இறங்கியிருக்காது. அந்தக் கணக்கெல்லாம் மந்திரத்தின் வரவில் சேர்ந்துவிடுகிறது.

விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது. டாக்டர் முதலில் செய்கிற சோதனை ரொம்ப எளிது. கொஞ்சம் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து ஆடாமல் 20 நிமிஷம் வைத்து, அப்புறம் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் வழிந்தால் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். நல்லபாம்பும் கட்டுவிரியனும் வேறு விதம். அவை நரம்பைப் பிடிக்கும், இமை தொங்கும், அப்புறம் மூச்சு நிற்கும். கட்டுவிரியன் கடி வலிக்கவே வலிக்காது. ராத்திரி தரையில் படுத்தவர் விடிகாலையில் வயிற்று வலி என்று எழுந்திருப்பார், கடித்த இடம்கூடத் தெரியாது. திறந்தவெளியில் தூங்க ஆசைப்படுகிற என் மருமகனுக்கு இதைத் தனியாகச் சொன்னேன்: கயிற்றுக் கட்டில், கொசுவலையைச் சுற்றிலும் உள்ளே செருகிவிட்டுப் படு.

நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளில் போடுகிற விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் பொதுவானது. அதனால் கடித்த பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டிய அவசியம் இல்லை. அடிக்கப் போய் இரண்டாவது ஆள் கடி வாங்கிய கதை எங்க பக்கம் உண்டு. இந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவு சங்கத்திலிருந்து போகிறது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு மருந்துதான். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்து இறக்குவதில்லையே!

கடித்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உட்கார வைக்கணும், நடக்கவிடக் கூடாது. மெட்டி, கொலுசு, மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றணும், வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கை கால் உடைந்தால் மட்டை வைத்துக் கட்டுவோமே, அதேபோல் ஆடாமல் தளர்வாகக் கட்டணும். அறுக்காதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மணி பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வில்லியனூர் பக்கம் என்றால் கோரிமேடு ஜிப்மர். பாகூர் பக்கம் என்றால் கடலூர் அரசு மருத்துவமனை கிட்ட. "அது தமிழ்நாடு ஆச்சே" என்று யோசித்து நிற்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டால் எந்த ஊர், எந்தக் கரை, எந்த மதகு என்று சொல்லத் தெரியணும். ஊசுட்டேரியில் நடந்துகொண்டே இருந்தால் எப்போது மாநிலம் மாறினோம் என்றே தெரியாது. அதனால் கிளம்பும்போதே அந்தந்தக் கரை ஊர்ப் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தண்ணீர். ஊசுட்டேரியைப் பார்த்தால் ஆழமே இல்லாத மாதிரி இருக்கும், நாரை நடுவில் நின்றுகொண்டிருக்கும். நாரை நிற்கிற இடத்துக்கும் நமக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. கோடையில் வண்டல் எடுத்த ஏரி, குளங்களில் பள்ளம் பள்ளமாக இருக்கும். மழை வந்து நிரம்பினால் மேலே எல்லாம் ஒரே மட்டம். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவன் அடுத்த அடியில் தலைக்கு மேல் போய்விடுவான். பள்ளத்தின் ஓரம் செங்குத்து, களிமண், பிடிமானம் இல்லை. ஒருத்தனைக் காப்பாற்ற இன்னொருத்தன் இறங்கி இரண்டு பேரும் போவது வருஷா வருஷம் செய்தியில் வருகிறது. இறங்காதீர்கள். வேட்டி, புடவை, மூங்கில், எது கிடைத்தாலும் நீட்டுங்கள். மூடி இறுக்கிய 20 லிட்டர் காலிக் கேன் ஏறக்குறைய 20 கிலோ எடையைத் தாங்கி மிதக்கும். தண்ணீரில் மனுஷன் தலையை மேலே வைத்திருக்க அது தாராளம். நான் ஏரிக்குப் போகும்போது வண்டியில் ஒரு கேனும் பத்து மீட்டர் கயிறும் கிடக்கும். பார்க்கிறவர்கள் தண்ணி எடுக்க வந்திருக்கான் என்று நினைக்கிறார்கள், நினைக்கட்டும்.

மதகுப் பக்கம் தண்ணீர் திறந்திருக்கும்போது குளிக்கவே கூடாது. மேலே அலை தெரியாது, கீழே இழுக்கும். கலிங்கு வழிகிறபோது மேலே நின்று செல்ஃபி எடுக்கிறவர்களைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல!

இடியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சமவெளியில் ஏரிக்கரைதான் உயரமான இடம், அதில் நிற்கிற பனைமரம் அதைவிட உயரம், மழைக்கு ஒதுங்குகிறவர்கள் போய் நிற்பது அந்தப் பனையடியில். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணிப் பாருங்கள். மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் கரையை விட்டு இறங்கி, கட்டடத்துக்கோ மூடிய காருக்கோ போய்விடணும். கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது. பனைமரத்தில் கதண்டுக் கூடு இருந்தால் அது தனிக் கதை. கல் விட்டுப் பார்க்கிற பையன்களைக் கூடவே அழைத்துப் போகாதீர்கள்.

இவ்வளவு சொன்னது வராதீர்கள் என்பதற்காக இல்லை. கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் வாருங்கள். விடிகாலை ஆறு மணிக்குப் பத்துக்கண்ணு போகிற ரோட்டிலிருந்து ஏரியைப் பார்த்தால் நாமக்கோழி கறுப்புக் கறுப்பாக மிதக்கும். கூழைக்கடா வரும், மஞ்சள் மூக்கு நாரை வரும், அதிர்ஷ்டம் இருந்தால் வடக்கிலிருந்து வந்த ஊசிவால் வாத்துக் கூட்டம். கரையிலேயே நின்று ஒரு பைனாகுலரில் பார்க்கலாம், கிட்டப் போனால் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பிவிடும். அப்படி எழும்புகிற ஒவ்வொரு முறையும் அது பறந்து வந்த தூரத்துக்காகச் சேர்க்கிற கொழுப்பில் கொஞ்சம் செலவாகிறது. வெள்ளைச் சட்டை வேண்டாம்.

பையன் தை மாசம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். என்ன எடுத்து வரணும் மாமா என்று கேட்டான். கணுக்காலை மூடுகிற ஷூ, டார்ச், ரெண்டு லிட்டர் தண்ணி. டென்ட் வேண்டாம், எங்க வீட்டு மாடியில் கொசுவலை இருக்கு.